காந்தமும் கம்பிச்சுருளும்

வீணைக்குக் குடம் உண்டு. தம்புராவுக்கும் உண்டு. வயலினுக்கு இடை சிறுத்த ஒரு பெட்டி. மிருதங்கமோ உள்ளே முழுக்க வெற்றிடம். சென்ற வாரம் நான் இவற்றைப் பற்றிப் பேசியதைக் கேட்ட நேயர் ஒருவர், "உள்ளே வெற்றிடமே இல்லாத தந்தி வாத்தியம் ஒன்று இருக்க முடியுமா?" என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஒரு பலகைத் துண்டு, ஆறு உருக்குக் கம்பிகள், சில காந்தங்கள், மயிரிழையிலும் மெல்லிய செப்புக் கம்பி கொஞ்சம். இவ்வளவுதான் அந்த வாத்தியம். உலகம் அதை எலக்ட்ரிக் கிற்றார் என்கிறது. அதன் வரலாற்றைச் சொல்ல நான் கலிபோர்னியாவுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் புறப்படும் இடம் நோட்டன் பிரிட்ஜ்.

அட்டனிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் வந்தவர்களுக்கு அந்த ஊரைத் தெரியும். ஒரு பாலம், ஒரு சிறு கடைத்தெரு, சுற்றிலும் தேயிலை, நடுவே கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை. அந்த அணையில் தேங்கும் நீர்தான் மலையைக் குடைந்து போய்ப் பழைய லக்ஷபான மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டு, பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. அவரது கணக்கை நம்பாதவர்கள் பலர். 1924இல் தொடங்கிய வேலை பணமில்லை என்று நின்றது. பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, ஒருவாறு 1950இல்தான் லக்ஷபானவின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. 25 மெகாவாட். மூன்றாண்டுகள் கழித்து, 1953இல் அவர் காலமானார். 1965இல் நோட்டன் பிரிட்ஜில் இன்னொரு மின்நிலையம் வந்தபோது அதற்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

1950 என்ற ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும் தொடங்கியது. கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்ற சிற்றூரில், கிற்றார் வாசிக்கவே தெரியாத ஒரு ரேடியோ திருத்துநர் ஒரு பலகைக் கிற்றாரைச் செய்து விற்பனைக்கு விட்டதும் அதே ஆண்டில்தான். அந்தக் கிற்றாருக்கு அவர் வைத்த பெயர்களில் ஒன்று 'புரோட்காஸ்டர்'. ஒலிபரப்பாளன்! மூன்றுக்கும் ஒன்றோடொன்று உறவில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் அந்தக் கருவி எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்து சொன்னது ஒரு சின்ன உண்மை. ஒரு கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும். லக்ஷபானவில் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் காந்தத்தைச் சுற்ற, சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கிற்றாரிலோ காந்தம் அசையாமல் இருக்கிறது. அதன்மேல் உருக்குத் தந்தி அதிர்கிறது. தந்தியும் காந்தத்தின் ஆட்சிக்கு உட்பட்டதாகையால், அது அசையும்போதெல்லாம் காந்தப்புலம் கலைகிறது. காந்தத்தைச் சுற்றி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றாகச் சுற்றிய செப்புக் கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் ஒன்று துடிக்கிறது. தந்தி எப்படி அதிர்ந்ததோ அப்படியே அந்த மின்சாரமும் ஏறி இறங்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விட்டால் பாட்டு. இந்தக் காந்தமும் சுருளும் சேர்ந்த கருவியைத்தான் இசைஞர்கள் 'பிக்அப்' என்கிறார்கள். ஆக, ஒரு மின்நிலையத்தைத் தீப்பெட்டியளவுக்குச் சுருக்கித் தந்தியின் அடியில் வைத்தால் அது பிக்அப். நீரின் வேலையை விரல் செய்கிறது.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷம், அடொல்ப் ரிக்கன்பாக்கர் என்ற இருவர். 1931இல் செய்து அடுத்த ஆண்டு விற்பனைக்கு விட்டார்கள். அது மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டொன்றைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் ஹவாய் கிற்றார். நம்முடைய கோட்டுவாத்தியத்தின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் வார்த்த வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக அது அடுப்பங்கரைத் தாச்சிச்சட்டியைப் போல இருந்தது. 'பொரிக்கும் சட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. காப்புரிமை கிடைத்தது 1937இல்.

நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் மின்சாரக் கிற்றார் விற்பனையில் வெற்றி கண்டது 1936இல் வந்த கிப்சன் நிறுவனத்தின் வாத்தியம் ஒன்றில். அது பழைய கிற்றாரேதான். உள்ளே வெற்றிடம், மேலே பிக்அப். சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் அதை வாங்கி, அதுவரை ஜாஸ் கோஷ்டியின் பின்வரிசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிற்றாரை எக்காளங்களுக்குச் சமமாக முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். பாவம், 1942இல் இருபத்தைந்து வயதிலேயே காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வில்லங்கம் இருந்தது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி 'கீ...' என்று ஊளையிடுவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஓசை மைக்கிற்குள் மறுபடி புகுந்து, பெருகி, மறுபடி வெளியே வந்து, மறுபடி புகுந்து... அதே கதைதான். சத்தத்தைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் அதிர்வு கிற்றாரின் மெல்லிய மேற்பலகையை ஆட்டும். பலகை தந்தியை ஆட்டும். தந்தி மறுபடி ஒலிபெருக்கியை முழக்கும். கடைசியில் பாட்டு போய் ஊளைதான் மிஞ்சும். எந்த வெற்றிடம் ஆயிரம் ஆண்டுகளாகத் தந்தி வாத்தியத்துக்கு உயிராக இருந்ததோ, அதுவே இப்போது பகையாகிவிட்டது. கந்தல் துணியைத் திணித்து அடைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு.

அப்படியானால் வெற்றிடத்தையே எடுத்துவிட்டால் என்ன? லெஸ் போல் என்ற கிற்றார் கலைஞர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயோர்க்கில் எபிபோன் தொழிற்சாலைக்குப் போய், வேலையற்ற நேரங்களில் நாலங்குலச் சதுரமான பைன் மரக்கட்டை ஒன்றை எடுத்து, கழுத்துப் பொருத்தி, தந்தி கட்டி, பிக்அப் வைத்தார். அதை அவர் 'மரக்கட்டை' என்றே அழைத்தார். ஊளை இல்லை. தட்டிய சுரம் நெடுநேரம் நின்று ஒலித்தது. ஏனெனில் தந்தியின் சக்தியைப் பலகை உறிஞ்சிக் காற்றில் விரயமாக்கவில்லை. ஆனால் மேடையில் கொண்டுபோய் வாசித்தால் சபை அசையவில்லை. இது என்னடா கட்டை என்று பார்த்தது. லெஸ் போல் ஒரு பழைய கிற்றாரை நெடுக்காக இரண்டாக அறுத்து, அந்தப் பாதிகளைக் கட்டையின் இருபுறமும் சிறகுபோல ஒட்டினார். ஓசையில் ஒரு மாற்றமும் இல்லை. சபை கைதட்டியது! கண்ணால் பாட்டுக் கேட்பவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல். அந்தக் கட்டையைக் கிப்சன்காரர்களிடம் காட்டியபோது, "பிக்அப் பூட்டிய விளக்குமாறு" என்று கேலி செய்தார்கள் என்று லெஸ் போல் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

இனி அந்த ரேடியோ திருத்துநர். பெயர் லியோ பென்டர். 1938இல் புல்லர்ட்டனில் ரேடியோக் கடை போட்டவர். சங்கீதக்காரர்கள் உடைந்த ஒலிபெருக்கிகளைக் கொண்டுவருவார்கள். அவர்களுடைய குறைகளைக் கேட்டுக் கேட்டே வாத்தியம் செய்யக் கற்றுக்கொண்டார். வாத்தியம் செய்பவர் மரத்தைத் தட்டிப்பார்த்து நாதம் கேட்பார். பென்டருக்கு அந்தப் பரம்பரை இல்லை. அவர் மேசை செய்பவர் மாதிரி யோசித்தார். ஆஷ் மரப் பலகையை அச்சு வைத்து வெட்டு. மேப்பிள் மரத்தில் ஒரே துண்டாகக் கழுத்துச் செய். இரண்டையும் பசை போட்டு ஒட்டாதே, நாலு திருகாணியால் முடுக்கு. கழுத்து வளைந்துவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டு. பிரடைகளெல்லாம் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக. தந்தி நேராக ஓடும், கைக்கும் எட்டும். இந்த ஒருபக்கப் பிரடை 1948இல் போல் பிக்ஸ்பி என்பவர் செய்த கிற்றாரிலும் இருந்தது. பென்டர் அதைப் பார்த்தாரா என்ற வழக்கு அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

1950இன் வசந்தத்தில் 'எஸ்குவயர்' என்ற பெயரில் வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு பிக்அப்புடன் 'புரோட்காஸ்டர்' ஆனது. 1951 பெப்ரவரியில் கிரெட்ச் என்ற கொம்பனியிடமிருந்து ஒரு தந்தி. ஏறக்குறைய அதே பெயரில் தாங்கள் மேளம் விற்று வருவதாகச் சொன்னது அது. பென்டர் சச்சரவுக்குப் போகவில்லை. ஆனால் அச்சடித்த பெயர்ச்சீட்டுகள் கையிருப்பில் கிடந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல், 'பென்டர்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு 'புரோட்காஸ்டர்' என்பதைக் கத்தரியால் வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி அனுப்பினார்கள். சில மாதங்களுக்குப் பிறகு தொலைக்காட்சியின் புதுமோகத்தில் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் கிடைத்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் பிறந்த பெயரற்ற கிற்றார்களுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

பெயர் வெட்டப்பட்டதனால் மதிப்பு ஏறியது கிற்றாருக்கு. நோட்டன் பிரிட்ஜைச் சுற்றிய லயங்களில் வாழ்ந்தவர்களின் பெயர்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டின் இடாப்பிலிருந்து வெட்டியது. அதை ஒட்டி முடிக்க 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம், பாதிப் பேரைக் கப்பலேற்றுதல், பின்னும் பல சட்டங்கள் என்று 2003 வரை இழுத்தது. ஒப்பிடக்கூடாத இரண்டை ஒப்பிடுகிறேன் என்று தெரிகிறது. என்றாலும் 1950 என்ற ஆண்டைத் தொடும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை. அணையில் நீர் தேங்கியது, மின்சாரம் பிறந்தது, அது மலையிறங்கிக் கொழும்புக்குப் போனது. கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கையில் கலந்து கொழும்புக்குத்தான் போகிறது. இரண்டையும் தலைக்குமேலும் காலுக்குக் கீழும் பார்த்துக்கொண்டிருந்த லயத்துக் காம்பராவில் எரிந்தது குப்பிலாம்பு. தோட்டத்து ஸ்டோரில் மின்குமிழ் உண்டு, துரை பங்களாவில் உண்டு. லயங்களுக்குக் கம்பி இழுக்கப் பல பத்தாண்டுகள் சென்றன.

சரி, கிற்றாருக்குத் திரும்புவோம்.

பென்டரின் பலகை விற்கிறது என்று கண்டதும், விளக்குமாறு என்று சிரித்த கிப்சன்காரர்கள் லெஸ் போலைத் தேடிப் போனார்கள். 1952இல் அவருடைய பெயரிலேயே ஒரு கிற்றார் வந்தது. இது மேசைக்காரரின் வேலையல்ல, பழைய வாத்தியக்காரரின் வேலை. மஹோகனி உடல், அதன்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள் மூடி, பசையால் ஒட்டிய கழுத்து, மேலே பொன்வர்ணப் பூச்சு. அவ்வளவு அழகைச் செய்தவர்கள் தந்தி கட்டும் இடத்தில் கோட்டை விட்டார்கள். கழுத்தை வைத்த கோணம் போதவில்லை. அதனால் தந்திகளைப் பாலத்தின் மேலாக அல்ல, அடியாகச் சுற்றவேண்டி வந்தது. உள்ளங்கையை வைத்துத் தந்தியை அமுக்கி வாசிக்க வழியில்லை. லெஸ் போலுக்கே பிடிக்கவில்லை. 1954க்குள் அதை மாற்றி, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே நீளம் திருத்தும் பாலம் ஒன்றைச் செய்து, படிப்படியாகச் சீராக்கினார்கள்.

பென்டர் சும்மா இருக்கவில்லை. டெலிகாஸ்டரின் கூரான விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று வாத்தியக்காரர்கள் முறையிட்டார்கள். அவர் பலகையின் பின்புறத்தை வயிற்றுக்கு இதமாகவும், முன்புறத்தை முழங்கைக்கு இதமாகவும் இழைத்தார். இரண்டு கொம்பு, மூன்று பிக்அப், பின்னால் விற்சுருள்களால் இழுத்துக் கட்டிய ஆடும் பாலம். அதன் கைப்பிடியை அசைத்தால் சுரம் நடுங்கும். 1954இல் வெளிவந்த இந்த 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' 249 டொலர் 50 சதத்துக்கு விற்றது. நம் கோவிலில் சிற்பி கல்லிலே இடையை வளைக்கிறான் என்றால் அது பார்ப்பவர் கண்ணுக்கு. இங்கே வளைவு வாசிப்பவர் உடம்புக்கு. ஒரு வாத்தியம் மனித உடலுக்கு இடம்விட்டு ஒதுங்கிய இந்தச் செய்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். வெற்றிடம் போனதனால் வந்த சுதந்திரம் அது. நாதத்துக்காக உடல் எந்த வடிவத்திலும் இருக்கத் தேவையில்லை என்றானதும், எந்த வடிவத்திலும் இருக்கலாம் என்றாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. மூன்று பிக்அப்பில் எது பேச வேண்டும் என்று தெரிவுசெய்ய பென்டர் மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று வைத்தார். வாசிப்பவர்களோ அந்தச் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரு பிக்அப்பும் ஒருங்கே பேசும் மூக்கால் பாடுவது போன்ற ஓசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். செய்தவர் நினைத்தே பாராத ஓசை. கொம்பனி அதை ஏற்று ஐந்து நிலைச் சுவிட்ச் பூட்டியது 1977இல்தான்!

இன்னொரு விஷயத்தில் கிப்சன் முந்தியது. பிக்அப்பின் கம்பிச்சுருள் தந்தியின் பேச்சை மட்டும் கேட்பதில்லை. அறையில் ஓடும் மின்சாரத்தின் பேச்சையும் ஒட்டுக் கேட்கும். அதனால் ஒலிபெருக்கியில் ஓயாத ஒரு முனகல் இருக்கும். சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஓசை மட்டும் சேர்ந்து பெருகும். 1957இல் கிப்சன் கிற்றார்களில் இது ஏறியது. அடுத்த ஆண்டு பொன்வர்ணத்தைக் கைவிட்டு, மேப்பிளின் வரிகள் தெரிய அந்திவானம்போலச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசினார்கள். விற்பனை என்னவோ சரிந்தது. பாரம் என்றார்கள், பழசு என்றார்கள். 1960உடன் அந்த வடிவத்தை நிறுத்தி, மறு ஆண்டே கூர்ந்த இரு கொம்புடைய மெல்லிய வடிவத்துக்கு மாறினார்கள். பிறகு எரிக் கிளப்டன் போன்ற ஆங்கில இளைஞர்கள் பழைய லெஸ் போல்களைத் தேடிப் பிடித்து 1960களின் நடுவில் முழக்கிக் காட்ட, 1968இல் மறுபடியும் செய்யத் தொடங்கவேண்டியதாயிற்று. அன்று வாங்குவாரற்றுக் கிடந்த 1958-60 கிற்றார்களின் இன்றைய விலை கொழும்பில் வீடு வாங்கப் போதும்.

அந்த முனகலைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு அறுபது முறை திசைமாறி ஓடுகிறது. இலங்கையில் ஐம்பது முறை. ஐம்பது அதிர்வு என்பது மேற்கத்திய 'ஜி' சுரத்தின் மிகத் தாழ்ந்த ஸ்தாயிக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே நம் நாட்டில் ஒரு பென்டர் கிற்றாரைச் செருகினால் அடியில் கேட்பது லக்ஷபானவின் ஆதார சுருதி. இதை எழுதி வைத்த சங்கீத சாஸ்திரி யாரும் இல்லை. ஆனால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

இந்தக் கருவி நம் காதுக்கு வந்தது வானொலி வழியாக. 1960இல் 'ஷடோஸ்' என்ற ஆங்கிலக் குழுவின் ஹாங்க் மார்வின், இலங்கைத் தீவின் எத்தனையோ வீடுகளுக்குள் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டருடன் வந்தார். அந்தக் கிற்றாரை அமெரிக்காவிலிருந்து அவருக்குத் தருவித்துக் கொடுத்தவர் பாடகர் கிளிப் ரிச்சர்ட். அவர் பிறந்தது லக்னோவில் என்பது பலருக்குத் தெரியாது. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவுடன் சிங்களப் பாட்டுக்குள் எலக்ட்ரிக் கிற்றாரைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் மற்றவர்களும் தமிழில் பொப் பாட்டுப் பாடினார்கள். பண்டிதர்கள் முகஞ்சுளித்தார்கள். ஆனால் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது.

கர்நாடக சங்கீதத்துக்கு இந்தப் பலகை வந்த கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யூ. ஸ்ரீநிவாஸ். மாண்டலின் ஐரோப்பியச் சிறு வாத்தியம். இரண்டிரண்டாக நாலு சோடித் தந்திகள், பேரிக்காயோ தட்டோ போன்ற குடம். தட்டினால் 'டிங்' என்று எழும், உடனே அடங்கிவிடும். அடங்கிவிட்ட சுரத்தில் கமகம் எங்கே போடுவது? தோடியின் காந்தாரம் நின்று அசையவேண்டும் அல்லவா? இரட்டைத் தந்தியை இழுத்து அசைத்தால் இரண்டும் ஒரே அளவில் இழுபடாது, சுருதி பிசகும். ஸ்ரீநிவாஸ் சோடிகளை விட்டார். ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டினார். ஐந்தாவதனால் மந்திர ஸ்தாயியும் கிடைத்தது. குடம் போய்ப் பலகை வந்தது, பிக்அப் வந்தது. இப்போது சுரம் நின்றது. நின்ற சுரத்தை அவர் விரல் அசைத்தது. பென்டர் கொம்பனியும் 1956இலேயே நாலு ஒற்றைத் தந்தியுடன் பலகை மாண்டலின் ஒன்று செய்தது உண்டு. ஆனால் அதைக் கொண்டு யாரும் தோடி வாசிக்கவில்லை.

அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது என்பதும் கவனிக்கத்தக்கது. அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் கொண்டுவருவான். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் கிற்றாரைச் செய்தார். மாண்டலின் தெரியாதவர் மாண்டலின் மேதையை உருவாக்கினார். 1978இல் அரங்கேறி, 1981இல் சென்னைக்கு வந்த சிறுவனை, 'இது சினிமா வாத்தியம்' என்று முணுமுணுத்தவர்களும் கேட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னர் பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்தபோதும் இப்படித்தான் முணுமுணுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். 2014 செப்ரெம்பரில் ஸ்ரீநிவாஸ் மறைந்தபோது வயது நாற்பத்தைந்துதான். சுரத்தை நிற்க வைத்தவருக்குக் காலம் நிற்கவில்லை.

இனி நானே கண்டது ஒன்று. 1973ஆம் ஆண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். பாணுக்கே வரிசை, வாத்தியத்துக்கு எங்கே போவது? நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. எனக்குப் பன்னிரண்டு வயது. வெளியூரிலிருந்து ஒரு பாட்டுக் கோஷ்டி வந்திருந்தது. முதல் தடவையாக எலக்ட்ரிக் கிற்றாரைக் கண்ணால் பார்த்தேன். கீழே பள்ளத்தாக்கில் மின்நிலையத்தின் விளக்குகள் மாலைபோலத் தெரிகின்றன. மேலே எங்கள் மேடைக்கு மின்சாரம் தந்தது வாடகைக்கு எடுத்த ஒரு ஜெனரேட்டர்.

மேடையில் கோஷ்டிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தப்புக்காரருக்கு மேடை இல்லை. அவர்கள் கோயிலுக்கு வெளியே, சருகைக் கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வருஷம் முழுவதும் விடியற்காலையில் பிரட்டுக்கு எழுப்பியது அந்தத் தப்பு. காமன் கூத்தில் ரதியையும் மன்மதனையும் ஆடவைத்தது அந்தத் தப்பு. சாவுக்கும் அதுதான். ஆனாலும் அதற்கு உரிய இடம் வாசலுக்கு வெளியேதான் என்று யாரோ எப்போதோ தீர்மானித்திருந்தார்கள். ஒரு மரவளையம், ஒரு தோல், ஒரு அடிக்குச்சி, ஒரு சிண்டுக்குச்சி, சுருதி கூட்ட நெருப்பு. டெலிகாஸ்டரைப்போல அதுவும் மாற்ற எதுவும் மிச்சமில்லாத வடிவம்.

நாலாவது பாட்டின் நடுவே ஜெனரேட்டர் நின்றுவிட்டது. விளக்கு, மைக், ஓகன் எல்லாம் ஒரே கணத்தில் செத்தன. கிற்றார்க்காரரின் விரல்கள் மட்டும் தந்தியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கொசுவின் சத்தம்கூட வெளியே வரவில்லை. இருட்டில் சனம் விசிலடித்தது. அப்போது வெளியே இருந்து தப்பு கிளம்பியது. ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஐந்து. மேடையைப் பார்த்திருந்த சனம் மெல்லத் திரும்பி வாசலுக்குப் போனது. பெரியவர்கள்கூட ஆடினார்கள்.

நான் ஆடப் போகவில்லை. மேடையோரமாகப் போய், "அண்ணே, இதத் தொட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"பாரு தம்பி. பாரமா இருக்கும், பாத்து."

பாரமாகத்தான் இருந்தது. கடையில் வாங்கியதல்ல. பலாப் பலகையைத் தச்சரிடம் கொடுத்து, ஒரு படத்தைக் காட்டி வெட்டுவித்தது. கொம்பு இரண்டும் ஒன்றுக்கொன்று கோணல். தந்திக்கு அடியிலிருந்த தகடு தேயிலைப் பெட்டிப் பலகை. கறுப்பு மை பூசியும் பழைய எழுத்தின் தடம் தெரிந்தது. கம்பிச்சுருளை ரேடியோ திருத்துபவர் ஒருவர் கையால் சுற்றிக் கொடுத்தாராம். லியோ பென்டரின் பெயரை நான் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு அவரது தொழிலைப் பார்த்துவிட்டேன்.

"பலாவா அண்ணே?"

"ஆமா. வீணைக்கு இதே மரந்தான். மிருதங்கத்துக்கும் இதான்."

"கரண்ட் இல்லாட்டி பாடாதா?"

அவர் சிரித்தார். "காத மரத்துல வை" என்றார்.

வைத்தேன். அவர் ஒரு தந்தியைச் சுண்டினார். வெளியே கேட்காத ஓசை பலகையின் வழியாக என் எலும்புக்குள் இறங்கியது. அது நெடுநேரம் நின்றது. அது அடங்கிய பிறகும் நான் காதை எடுக்கவில்லை. யாரும் தொடாமலே தந்திகள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன. வாசலில் விழுந்த ஒவ்வொரு தப்படிக்கும் ஒரு சிறு துடிப்பு.

ஜெனரேட்டர் மறுபடி ஓடும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அண்ணன் கிற்றாரைத் தோளில் மாட்டி வயரைச் செருகினார். முதலில் வந்தது பாட்டல்ல, அந்த முனகல்.